கூடவே ஒரு கை – 9: பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நிமிடம்?

பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியாயிற்று, சிறப்புப் பள்ளியும் கிடைத்தாயிற்று என்கிற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அட்மிஷன் நாளில் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஸ்பீச் தெரபி வாரத்தில் எத்தனை நாள், ஃபீஸ் எவ்வளவு, எப்போது பேச ஆரம்பிப்பான். "தினமும் எப்படி வந்து போகப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால், கூடுவாஞ்சேரிக்காரரும் சரி, திருவள்ளூர்க்காரரும் சரி, சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் பாத்துக்கலாம் மிஸ்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். எப்படி என்பதுதான் இந்த வாரம்.

ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது? சென்னையின் பழைய சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கீழ்ப்பாக்கத்தில் பால விகார் 1953-லேயே வந்துவிட்டது. கோட்டூர்புரம் வித்யாசாகர் 1985-ல் தொடங்கியது, தி.நகரின் மதுரம் நாராயணன் மையம் 1989-ல். அன்றைக்கு அந்தப் பக்கங்களில் வாடகைக்கு வீடு பிடிக்க முடிந்த சம்பளக்காரர், இன்றைக்கு மறைமலை நகரிலும் மீஞ்சூரிலும்தான் வீடு பார்க்க முடியும். பள்ளிகள் நின்ற இடத்தில் நிற்க, வாடகை ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டே போயிற்று. 2005-ல் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் வந்தது. ஈ.சி.ஆர். பக்கம் குடியிருப்பவருக்கு அது வரப்பிரசாதம். அரக்கோணத்துக்காரருக்கு அது வெளியூர்.

எங்கள் வகுப்புக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பையன் வருகிறான். ஆட்டிசம். பேச்சு குறைவு, ஆனால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன், லோக்கலில் கிண்டி, அங்கிருந்து பஸ். ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். வண்டி கிளம்பியதும் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவானாம். ஒவ்வொரு பெயருக்கும் வண்டி நின்றாக வேண்டும். ஒருநாள் அவசரத்தில் அம்மா ஃபாஸ்ட் வண்டியில் ஏற்றிவிட்டார். தாம்பரம் தாண்டியபின் அது சின்ன ஸ்டேஷன்களில் நிற்காமல் ஓடியது.

"பழவந்தாங்கல் நிக்காம போச்சு மிஸ், அவ்ளோதான். தலைய ஜன்னல் கம்பியில முட்ட ஆரம்பிச்சிட்டான். சுத்தி இருக்கறவங்க, புள்ளய அடக்கத் தெரியலையான்ற மாதிரி என்னையே பாக்கறாங்க."

அடக்குகிற விஷயமில்லை இது. அவனைப் பொறுத்தவரை உலகம் தன் வரிசையிலிருந்து பிசகிவிட்டது. நாங்கள் செய்தது சின்ன வேலைதான். ஒவ்வொரு ஸ்டேஷனின் மஞ்சள் பெயர்ப்பலகையையும் போனில் படம் எடுத்துவரச் சொன்னோம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, நீளமான ஒரு அட்டையில் வெல்க்ரோவால் ஒட்டினோம். ஸ்டேஷன் தாண்டத் தாண்ட அவனே ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பைக்குள் போட வேண்டும். ஃபாஸ்ட் வண்டிக்குத் தனி அட்டை. அதில் படங்கள் குறைவு. பிளாட்பாரத்தில் நிற்கும்போதே எந்த அட்டை என்று அவனிடம் காட்டிவிட வேண்டும். வண்டி தாமதம், பிளாட்பாரம் மாற்றம் என்று அறிவிப்பு வந்தால் காட்டுவதற்குச் சிவப்பு நிறத்தில் 'மாற்றம்' என்று ஒரு அட்டை. இந்தச் சிவப்பு அட்டைக்குப் பழகத்தான் அவனுக்கு ரொம்ப நாள் பிடித்தது. முதலில் அதைப் பல்லால் கடித்தே கிழித்துவிட்டான். இன்னொன்று செய்து கொடுத்தோம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வரிசை, காத்திருத்தல், எதிர்பார்த்தது நடக்காதபோது தாங்கிக்கொள்வது. வகுப்பறையில் மேசை போட்டு உட்காரவைத்து நாங்கள் சொல்லித்தர முயல்வதும் இவைதானே? ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாங்கள் எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் பட்டன் போடுவது இருக்கும், நிறம் பிரிப்பது இருக்கும், ஒன்று முதல் பத்து இருக்கும்; நாள்தோறும் நான்கு மணி நேரம் தின்னும் பயணத்துக்கு ஒரு வரி இருக்காது. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம், பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி போன்ற துணைச் சேவைகளின் பட்டியலிலேயே போக்குவரத்தையும் வைத்திருக்கிறது. குழந்தைக்குத் தேவை என்றால் அது திட்டத்தில் எழுதப்பட வேண்டும். நம் பள்ளிகள் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிவத்தில் ஒரு பத்தி கூடுதலாகப் போட எந்த அரசாணையும் வேண்டாம். பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: என் பிள்ளையின் பயணத்துக்கு என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள் என்று.

மனசுக்கு அட்டை இருக்கிறது. உடம்புக்கு?

சென்னை லோக்கல் வண்டிகளில் கழிப்பறை கிடையாது. அதனால் பல அம்மாக்கள் காலையில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். தாங்களும் குடிப்பதில்லை. ஏப்ரல், மே வெயிலில் இது விபரீதம். எங்கள் குழந்தைகளில் பலர் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள். தூக்கக் குறைவு, தவறிப்போன ஒரு வேளை மாத்திரை, வெறும் வயிறு என்று எது வேண்டுமானாலும் வலிப்பைக் கிளப்பிவிடலாம். விடியற்காலைப் பயணம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கும். மருந்து எழுதும் டாக்டரிடம் வண்டி நேரத்தைச் சொல்லி, மாத்திரை நேரத்தை அதற்கேற்ப அமைத்துத் தரச் சொல்லுங்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் அது வீட்டு பிரிட்ஜ் மேல் இருந்து பயனில்லை; அளவு எழுதிய சீட்டோடு பையில் இருக்க வேண்டும். வண்டியில் வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம், ஸ்பிரே, ஆஸ்பத்திரி. ரயிலில் உதவிக்கு 139. யாராவது ஒரு பெரியவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வருவார். நன்றி சொல்லி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரும்பைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை.

சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை இதையெல்லாம் ஒருமாதிரி சமாளித்துவிடலாம். பன்னிரண்டு வயதில்தான் நிஜமான சிக்கல் ஆரம்பிக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 162-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தை மட்டும்தான் பெண்கள் பெட்டியில் வரலாம் என்கிறது. அதுவரை தெரிந்த முகங்கள், தெரிந்த மூலை, இடம் பிடித்து வைக்கும் பூக்கார அக்கா என்று போய்க்கொண்டிருந்த பையன் ஒருநாள் அங்கே வேண்டாதவன் ஆகிவிடுகிறான். மீசை அரும்பும் முகத்தைத்தான் மற்றவர்கள் பார்க்கிறார்கள். நான்கு வயதின் பயம் அவன் கண்ணில் இருப்பதை அம்மா மட்டும்தான் பார்க்கிறார். பெண்கள் சங்கடப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாற்றுத்திறனாளிகள் பெட்டிக்குப் போகலாமே என்பீர்கள். காலை எட்டு மணிக்கு அந்தப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருக்கும். எழுந்திருக்கச் சொன்னால், "பாத்தா நல்லாத்தானே இருக்கான்?" என்று ஒரு கேள்வி வரும். சக்கர நாற்காலி இருந்தால்தான் ஊனம் என்று நினைப்பவர்களுக்கு ஆட்டிசத்தை ஓடும் வண்டியில் நின்றுகொண்டு விளக்க முடியாது. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடச் சொல்கிறேன். சில பெற்றோருக்கு அதில் மனமில்லை. அதுவும் எனக்குப் புரிகிறது.

ஸ்டேஷன் கழிப்பறையிலும் இதே கதைதான். பன்னிரண்டு வயதுப் பையனை அம்மா எந்தப் பக்கம் கூட்டிப்போவார்? ஆண்கள் பக்கம் தனியாக அனுப்ப முடியாது. பெண்கள் பக்கம் நுழைந்தால் சத்தம் போடுவார்கள். மாற்றுத்திறனாளி கழிப்பறை பூட்டியிருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சாவி கேளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்களுக்காகக் கட்டியதுதான்.

கட்டண விஷயம் ஓரளவு பரவாயில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. துணையில்லாமல் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம், சீசன் டிக்கெட்டில் 50 சதவீதம் சலுகை. துணைக்கு வருபவருக்கும் அதே. ஆனால் ரயில்வேயின் பட்டியல் பழையது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட பிறகும், சான்றிதழில் ஆட்டிசம் என்று மட்டும் இருந்தால் கவுண்டரில் வாக்குவாதம்தான். அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருந்தால், அதைச் சான்றிதழில் பதியும்படி மருத்துவக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள்.

டிக்கெட்டைக் கணக்குப் பார்க்கும் அரசு, நேரத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி என்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, குழந்தைக்குப் போக்குவரத்து வசதியும், அதிக உதவி தேவைப்படும் குழந்தை என்றால் உடன் செல்பவருக்கும் சேர்த்து வசதியும் செய்ய வேண்டும் என்கிறது. 31-ஆம் பிரிவு, அருகமைப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, தேர்வு குழந்தையுடையது என்கிறது. எல்லாம் நல்ல சட்டங்கள். ஆனால் எத்தனை நிமிடம் என்று எதிலும் இல்லை. இங்கிலாந்தில் அரசு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது: தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு வழிக்கு 45 நிமிடம், பெரிய பிள்ளைக்கு 75 நிமிடம், அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் எண் என்று ஒன்று இருந்தால்தான் அது மீறப்பட்டது என்று சண்டை போட முடியும்.

நிமிடம் என்றதும் நான் நினைப்பது பையனின் நிமிடங்களை மட்டுமில்லை. இரண்டு மணி நேரம் கூட்டிவந்த அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி வர முடியாது. எங்கள் வாசலில் அம்மாக்கள் கூட்டம் ஒன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கும். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செங்கல்பட்டு அக்கா, ஆவடி அக்கா. ஒருவர் பி.காம். முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இன்னொருவர் தையல் மெஷினை விற்றுவிட்டு வருகிறவர். மாநில அரசு கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. அது குழந்தைக்கு. இந்தப் பெண்களின் பகல் பொழுது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சலுகை டிக்கெட்டைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இந்த வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதைத் தலைகீழாகச் செய்து காட்டியவர்களும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், குழந்தையை மையத்துக்கு வரச்சொல்வதோடு நிற்காமல், பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்களையும் தெரபிஸ்டுகளையும் கிராமங்களுக்கு, வீடுகளுக்கே அனுப்புகிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்திலும், சேவையைப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் நோக்கம். ஒரு தெரபிஸ்ட் வண்டியேறினால் பத்துக் குடும்பங்கள் வண்டியேற வேண்டாம்.

அதனால் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தையோடு தூரத்திலிருந்து யாராவது வந்தால், தினமும் வராதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொண்டு போங்கள். மற்ற நாட்களில் பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்டும் சிறப்பாசிரியரும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நல்ல பள்ளியை விட்டுத்தரச் சொல்கிறேன் என்று சில பெற்றோருக்குக் கோபம் வரும். வரட்டும். களைத்துப்போய் வந்து பதினோரு மணிவரை மேசைமேல் தூங்கும் குழந்தைக்கு எங்கள் பள்ளி நல்ல பள்ளி இல்லை.

பெரிய பிள்ளை, வேறு வழியில்லை, தினமும் வந்துதான் ஆகவேண்டும் என்றால், ஒரு மனு எழுதுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒன்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று. கிலோமீட்டரைப் போடாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், வகுப்புக்குள் நுழையும் நேரம், திரும்பி வீடு சேரும் நேரம், நடுவே எத்தனை வண்டி மாறுகிறீர்கள், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். 16-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். அதே பக்கமிருந்து வரும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒரு வேன் கேட்கலாம். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனிப் பாஸ்தான் கிடைக்கும். மனு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். அந்த மனு எப்படி எழுதுவது என்று அடுத்த வாரம்.