படத்தைத் திருத்தலும் சான்றைப் பேணலும்

பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் படம்பிடித்துக் கணினியிற் பேணும் வழக்கம் இன்று இலக்கிய ஆய்வாளரிடையே பரவலாகியுள்ளது. மங்கிய படத்தைத் தெளிவாக்குவதற்கு மென்பொருள் எதனையும் விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. விண்டோஸ், மக் ஆகிய இருவகைக் கணினிகளிலும் ‘போட்டோஸ்’ என்ற பெயரிலேயே திருத்தக் கருவிகள் உடனமைந்து வருகின்றன. ஒரு காலத்தில் இருட்டறைத் தொழிலாளரின் தேர்ச்சியாயிருந்த வேலை இதனால் எவருக்கும் கைகூடியுள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், ‘மேம்படுத்தல்’ எனப்படுவது எதனை எடுத்துக்காட்டுகின்றது, எதனை விலக்குகின்றது என்ற வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்.

கணினி படத்தை எண்களின் தொகுதியாகவே கொள்கின்றது. வழமையான ஜேபெக் படமொன்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பெறுமானங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 எனின் கருமை. மூன்றும் 255 எனின் வெண்மை. ஒளிர்வைக் கூட்டுதல் என்பது எளிய நிலையில் இப்பெறுமானங்களை உயர்த்துதலேயாம். தாளின் பெறுமானம் 245 எனவும், அதன் ஓரத்தில் வாசகரொருவர் எழுதிய மங்கிய பென்சிற் குறிப்பின் பெறுமானம் 235 எனவும் கொள்வோம். இரண்டையும் 20 ஆல் உயர்த்தினால், இரண்டும் 255 என்ற எல்லையில் ஒன்றாகிவிடும். தாள் வெளுக்கும், வாசகரின் குறிப்போ மறைந்துவிடும். அவ்வாறு சேமித்த கோப்பிலிருந்து அதனை மீட்டல் இயலாது.

தன்னியக்க மேம்பாட்டிலும் இவ்வாபத்து உண்டு. பொதுவான படங்களுக்கென அமைக்கப்பட்ட அக்கருவி ஆய்வாளரின் வினாவை அறியாது. கத்தரித்தலும் அத்தகையதே. கட்டுரையை மட்டும் சட்டத்துள் அடக்கும்போது விளம்பரமும் விலையும் அச்சகத்தின் பெயரும் வெளியே வீழ்கின்றன. இலக்கியத்தை அழகியற் பொருளாக மட்டும் நோக்குவோர்க்கு இவை புறச்செய்திகள். அதன் உற்பத்தியையும் நுகர்வையும் ஆராய்வோர்க்கோ, ஒரு சஞ்சிகை எவரால் வெளியிடப்பட்டது, எவ்வர்க்கத்தினரை நோக்கி எழுந்தது என்பவற்றை உணர்த்தும் சான்றுகள்.

திட்டமிட்ட விலக்கலையும் வரலாறு அறியும். 1920 மே 5 ஆந் திகதி மொஸ்கோவில் லெனின் உரையாற்றிய காட்சியைக் காட்டும் படத்தில், மேடையருகே நின்ற ட்ரொட்ஸ்கியும் காமனெவும் பிற்காலச் சோவியத் வெளியீடுகளில் நீக்கப்பட்டனர். முற்போக்காளராகிய நாம் இதனைப் பேசாது விடுதல் நேர்மையன்று. அன்று அதற்குக் கைதேர்ந்த திருத்துநர் வேண்டியிருந்தனர். இன்றோ, வேண்டாத உருவை அழித்து வெற்றிடத்தைத் தானே இட்டுநிரப்பும் வசதி 2024 முதல் மேற்கூறிய இருவகைக் கணினிகளின் ‘போட்டோஸ்’ இலும் இடம்பெற்றுள்ளது.

எனவே சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் தகும். தாளின் நான்கு விளிம்புகளும் தெரிய எடுத்த மூலப்படத்தைத் திருத்தாது வேறாக வைத்தல் வேண்டும். வாசிப்பின் வசதிக்காகப் பிரதியொன்றை வேண்டியவாறு திருத்தலாம். ஆய்வுச் சான்றாக மூலமே நிற்றல் வேண்டும். மக்கில் திருத்தியபின்னும் மூலத்துக்கு மீளலாம். விண்டோஸிற் பிரதியாகச் சேமிக்கும் வழியைத் தெரிவு செய்தல் அவசியம். ஜேபெக் படத்தைத் திரும்பத்திரும்பத் திருத்திச் சேமித்தால் நுணுக்கம் குன்றும் என்பதையும் மனங்கொளல் வேண்டும். பிரசுரிக்கும்போது, செய்த திருத்தங்களைப் படத்தின் கீழ்க் குறிப்பிடுதல் முறையாகும்.

இவை வெறும் தொழில்நுட்ப நுணுக்கங்கள் அல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் பழம் பத்திரிகைகளும் அவற்றோடு எரிந்தன. மூலம் அழிந்தபின் படமே மூலத்தின் இடத்தைப் பெறுகின்றது. அந்நிலையில், தாளை வெளுப்பாக்குவதற்காக நாம் இன்று அழித்துவிடும் பென்சிற் குறிப்பை நாளைய ஆய்வாளர் வேறெங்கும் காணமுடியாது.