பழைய காரின் டிக்கியில் மழைநீர் புகுவது எப்படி?

பழைய கார்களின் டிக்கிக்குள் மழைநீர் புகுந்தால் உரிமையாளர்கள் பெரும்பாலும் முதலில் மாற்றுவது மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைத்தான். அடுத்த மழையிலும் நீர் தேங்கினால் புதிய பீடிங் தரமற்றது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில், பின்கண்ணாடியின் மேல் மூலையில் நுழையும் ஒரு துளி, தகடுகளின் உட்புற மடிப்புகளைப் பற்றிக்கொண்டே இறங்கி, டிக்கியின் எதிர்க்கோடியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் சென்று சேரக்கூடும் என்பதால், நீர் தேங்கும் இடத்தைக் கொண்டு அது நுழையும் இடத்தைத் தீர்மானிக்க முடியாது.

இவ்வாறு தகட்டைப் பற்றிக்கொண்டு நீர் பயணம் செய்வதற்குக் காரணம் நுண்புழை விளைவு, அதாவது மிகக் குறுகிய இடைவெளிக்குள் நீர் தன் பரப்பு இழுவிசையால் தானாகவே ஏறி நிற்கும் தன்மை ஆகும். காரின் உடற்பகுதி ஒரே தகடு அன்று; ஒன்றின் விளிம்பின்மேல் மற்றொன்றை வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த பல தகடுகளின் தொகுப்பு. அந்த விளிம்புகளுக்கு இடையே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, இரு பரப்புகளும் நன்றாக நனையக்கூடியவையாகவும் இருந்தால், கணக்கின்படி நீர் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் உயரம் வரை புவியீர்ப்பை எதிர்த்து ஏறும். பெயின்ட் பூசிய பரப்பில் இந்த உயரம் குறையும் என்றாலும், மழை நின்று வெகுநேரம் கழிந்த பின்னும் இணைப்புகளுக்குள் நீர் வடியாமல் தங்கியிருப்பதை இது விளக்கிவிடுகிறது. அப்படித் தங்கும் நீரின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவாகவும் வாய்ப்பகுதியில் மிகுதியாகவும் இருப்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு சிறு மின்கலம் உருவாகி, ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில்தான் இரும்பு விரைவாக அரிக்கப்படுகிறது. வெளியில் பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு உளுத்துப்போவது இவ்வாறுதான்.

இந்த இணைப்புகளை அடைப்பதற்காகத் தொழிற்சாலையில் பூசப்பட்ட பசை, நாளடைவில் தன் நெகிழ்வைத் தரும் வேதிப்பொருட்களை இழந்து இறுகி விரிசல் விடுகிறது. இயற்கை ரப்பரால் ஆன பீடிங்கின் மூலக்கூற்றுச் சங்கிலியிலோ, காற்றிலுள்ள ஓசோன் எளிதில் தாக்கக்கூடிய இரட்டைப் பிணைப்புகள் நிறைந்திருப்பதால், இழுபட்டு நிற்கும் வளைவுகளில் அது முதலில் வெடிக்கிறது. இ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் அத்தகைய பிணைப்புகள் இல்லை. பீடிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அதைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

கார் வடிவமைக்கப்பட்ட முறையும் ஒழுகலுக்கு வழிவகுக்கும் என்பதற்கு 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டு நல்ல எடுத்துக்காட்டு. ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற உடற்தகட்டு நிறுவனத்தை பி.எம்.சி. குழுமம் வாங்கிவிட்டதால், முழு உடற்பகுதியையும் ஒரே இடத்தில் செய்வித்துக்கொள்ள வழியின்றி, பல ஆலைகளில் தனித்தனியாகச் செய்த பாகங்களைத் தனிச் சட்டகத்தின்மேல் போல்ட் போட்டு இணைக்கும் முறையை டிரையம்ஃப் கையாண்டது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காரின் கூரைகூடப் போல்ட்டால்தான் பிணைக்கப்பட்டிருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதன் இந்திய வடிவமே. பழுதுபார்க்க மிக வசதியான அமைப்பு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் போல்ட்டால் இணைந்த ஒவ்வொரு பொருத்தும் ஒரு ரப்பர் பட்டையை நம்பியிருப்பதால், ஹெரால்டின் டிக்கியில் நீரைக் காண்பவர் மூடியோடு நின்றுவிடாமல் கூரை பின்தகட்டோடு சேரும் கோட்டையும், பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால் எரிபொருள் ஊற்றும் குழாயைச் சுற்றிய ரப்பர் வளையத்தையும் சோதிக்க வேண்டும். 1964இல் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங்கில் டேங்கின் மேற்பரப்பே டிக்கித் தரையின் ஒரு பகுதியாக அமைந்திருப்பதால், அங்கே டேங்கின் விளிம்புப் பசையும் சந்தேகத்துக்குரியதாகிறது.

சிலர் இந்த நீரை இரவுக் குளிரில் படிந்த ஈரம் என்று கருதுவதுண்டு. 30 பாகை செல்சியஸில் முழு ஈரப்பதம் கொண்ட ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியும், 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராமும் இருக்கும். ஆகவே 400 லிட்டர் கொள்ளளவுள்ள டிக்கியின் காற்று ஓரிரவில் இந்த அளவு குளிர்ந்தால் படியக்கூடியது வெறும் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி நீர். குவளைக் கணக்கில் நீர் தேங்கினால் அது வெளியிலிருந்து வந்ததே.

ஒழுகலைக் கண்டுபிடிக்கும் பணியில் அவசரம்தான் முதல் எதிரி. விரிப்புகள் அனைத்தையும் எடுத்து டிக்கியை நன்கு உலர்த்தி, உட்புற இணைப்புகளில் முகப் பவுடரை மெல்லிதாகத் தூவி வைத்தால், நீர் வந்த தடம் அதில் கோடாகப் பதியும். பிறகு முனை பொருத்தாத குழாயிலிருந்து நீரை மெதுவாக, கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக ஓடவிட வேண்டும். முதலில் டெயில் லைட், அடுத்து மூடியின் கீழ்விளிம்பு, பக்கங்கள், கடைசியில் பின்கண்ணாடி. மேலிருந்து தொடங்கினால் எல்லாப் பகுதிகளும் ஒருசேர நனைந்து, எந்த வழியாக நீர் புகுந்தது என்பதே தெரியாமல் போகும். வாட்டர் வாஷ் நிலையத்தின் உயரழுத்த நீரும் இதற்கு உதவாது. மழை ஒருபோதும் புகாத இடங்களிலும் அது புகுந்து வீண் ஐயங்களை எழுப்பும். உள்ளே பார்வையிடுபவர் பின்சீட்டின் சாய்மானத்தைக் கழற்றி அவ்வழியே டார்ச் அடித்துப் பார்ப்பதே பாதுகாப்பானது, ஏனெனில் பழைய கார்களின் டிக்கியைப் பொதுவாக உள்ளிருந்து திறக்க முடியாது.

நின்ற நிலையில் ஒழுகாத கார் மழையில் ஓடும்போது மட்டும் நனைந்தால், பின்சக்கரம் வாரியடிக்கும் நீர் சக்கர வளைவின் இணைப்பு வழியாக ஏறுகிறது என்று ஊகிக்கலாம். அதை அடியிலிருந்து நீர் பாய்ச்சிச் சோதிக்க வேண்டும்.

பழுது நீக்குவதிலும் வரிசை உண்டு. மூடி சரியாகப் பொருந்துகிறதா என்பதை, விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்து அறியலாம். தடையின்றி வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை என்று பொருள், கீலைச் சரிசெய்யாமல் பீடிங்கை மாற்றுவது பயன் தராது. மூடியைச் சுற்றி நீரை வெளியேற்றும் கால்வாய் போன்ற பள்ளத்தில் சருகோ, முன்பு டிங்கரிங் வேலையில் பூசிய பட்டியோ அடைத்திருந்தால் அதைத் தோண்டி எடுக்க வேண்டும். விரிசல் விட்ட இணைப்பைத் தகடு தெரியும் வரை சுரண்டி, துரு நீக்கி, எபாக்சி பிரைமர் பூசிய பின்னரே பாலியூரித்தேன் பசையிட வேண்டும். புளித்த காடி மணம் வீசும் சாதாரண சிலிக்கான் பசை இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிட்டு வெற்று இரும்பை அரிக்கிறது. அதன்மேல் பெயின்டும் ஒட்டுவதில்லை. கடையில் எளிதில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதைப் பரிந்துரைக்க ஒரு காரணமும் இல்லை.

நீர் வடியட்டும் என்று டிக்கித் தரையில் துளையிடுவது இவை எல்லாவற்றிலும் மோசமான வழி. துளையின் வெற்று விளிம்பு துருவுக்கு வாயிலாகும் என்பது ஒருபுறமிருக்க, ஓடும் காரின் பின்னால் உருவாகும் தாழ்வழுத்தம் புகைபோக்கியின் வாயுவைக் காரை ஒட்டியே சுழலவிடுவதால், அதிலுள்ள மணமற்ற நச்சான கார்பன் மோனாக்சைடு அந்தத் துளை வழியாகவும் சிதைந்த பீடிங் வழியாகவும் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் நுழையக்கூடும். யாரேனும் முன்பே அப்படித் துளையிட்டிருந்தால், மற்ற வேலைகளைத் தொடங்கும் முன் அதைத் தகடு வைத்துப் பற்றவைத்து மூடிவிட வேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்திய பிறகே அந்தப் பற்றவைப்பைச் செய்ய வேண்டும்.