படித்துறையில் தடுமாறுவோர்

விடுமுறை நாட்களில் தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம்மவர் குடும்பம் குடும்பமாகக் கேட்வே ஆப் இந்தியாவுக்குச் சென்று, எலிபண்டாத் தீவுக்கு லாஞ்சு ஏறுவது வழக்கம். ஊரிலிருந்து விருந்தினர் வந்துவிட்டாலோ, இப்பயணம் ஏறக்குறையக் கட்டாயமாகிவிடுகிறது. அத்துறையின் கற்படிகளைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். மும்பைக் கடலில் ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீர்மட்டம் சில நாட்களில் 4 மீட்டருக்கு மேல் மாறுபடுகிறது. காலையில் நீருக்கடியில் இருந்த படி, பிற்பகலில் பாசி படிந்து வழுக்கலாக வெளியே கிடக்கும். படகு ஒரு கணம் படியோடு ஒட்டி நிற்கும். மறுகணம் ஒரு முழம் விலகிவிடும். ஒரு கையில் குழந்தையும் மறுகையில் பையுமாக ஒரு தாய் அவ்விடைவெளியைப் பார்த்துத் தயங்கி நிற்கிறாள். அவளுக்குக் கை கொடுப்பதா, வேண்டாமா? கேட்பதற்கு அற்பமான கேள்விதான். ஆயினும் அப்படியில் நின்று அதற்கு விடை கண்டவர்கள் மிகச் சிலரே.

தயக்கத்திற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. பிழைப்பைத் தேடி வேற்றூருக்கு வந்தவர்களுக்கு அவை இன்னும் அதிகம். அயலார் வீட்டுப் பெண்ணின் கையைப் பற்றினால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்; பையை வாங்கினால் திருடன் என்று கூச்சலிடுவார்களோ என்ற அச்சம்; ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் சாட்சி சொல்லப் போலீஸ் நிலையத்திற்கு அலைய வேண்டுமே என்ற கவலை. இவை அனைத்திற்கும் மேலாக மொழி. இந்தியும் மராத்தியும் சரளமாக வராதவர், "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கிவிடுவதைக் கோழைத்தனம் என்று இகழ்வது நியாயமாகாது.

ஆனால் மற்றொரு காரணமும் உண்டு; அதை நாம் பெரும்பாலும் உணர்வதில்லை. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர்கள் டார்லி, லட்டானே இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறைகளில் இருத்தப்பட்ட மாணவர்கள், பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பு வந்து தவிப்பது போன்ற குரலைக் கேட்டார்கள். அதைக் கேட்பவர் தாம் ஒருவரே என்று எண்ணியவர்களில் நூற்றுக்கு 85 பேர், குரல் ஓயுமுன் உதவி தேடி எழுந்தனர். தம்மைத் தவிர இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணியவர்களிலோ, எழுந்தவர்கள் நூற்றுக்கு 31 பேரே. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். பலர் கைகள் நடுங்கத் தவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேறொருவர் போவார் என்ற நினைவே அவர்களைக் கட்டிப்போட்டது. மும்பையில் எந்தத் துறையிலும், எந்த ரயில் மேடையிலும், அந்த 'வேறொருவர்' ஆயிரக்கணக்கில் நிற்கிறார் என்பதை நினைவிற் கொள்க.

கூட்டமே இல்லாத இடத்தில் நிகழ்ந்ததை இனிக் காண்போம். 1947-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதத்திற்கும் குறைவான காலம் இருக்கையில், மஜ்காவ் பகுதியில் உள்ள பாவ்சா தக்கா துறையிலிருந்து 'ராம்தாஸ்' என்னும் பயணிக் கப்பல் ரேவஸ் துறையை நோக்கிக் காலையில் புறப்பட்டது. அன்று ஆடி அமாவாசை. மராத்தி மக்கள் சிராவண மாதம் பிறக்குமுன் கொண்டாடும் கடாரி நாள். சொந்த ஊருக்குத் திரும்புவோரால் கப்பல் நிரம்பி வழிந்தது. மழைக்காலக் கடலின் கொந்தளிப்பில், துறையிலிருந்து சில மைல் தொலைவிலேயே அது கவிழ்ந்தது. மாண்டவர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர். கம்பியில்லாத் தந்தி வசதி அக்கப்பலில் இல்லாமையால், பிற்பகல் வரை நகரம் எதுவும் அறியாது அன்றாட வேலைகளில் மூழ்கிக் கிடந்தது. நீரில் மிதந்து வந்து கரை சேர்ந்த ஒரு சிறுவன் வாயிலாகவே செய்தி எட்டியது என்பர்.

அவ்வேளையில் ரேவஸ் பகுதி மீனவர் சிலர், மீனை விற்பதற்காகத் தோணிகளில் மும்பைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மீன் காத்திருக்கும் பண்டம் அன்று. சந்தை தவறினால் அன்றைய உழைப்பு முழுவதும் பாழ். தோணிகளோ சிறியவை, பிடித்துத் தொங்கும் கைகள் மிகுந்தால் அவையும் கவிழும். ஏறி வருவோர் யார், எச்சாதியார் என்று அவர்களுக்குத் தெரியாது. காப்பாற்றாமல் போனால் கேட்பாரும் இல்லை. அம்மீனவர்கள் தோணிகளைத் திருப்பினார்கள். ஏறக்குறைய 75 உயிர்கள் பிழைத்தன. அவர்களுடைய அன்றைய நட்டத்தை எவரேனும் ஈடு செய்தார்களோ என்னவோ.

கடலோடிகளின் இவ்வழக்கம் பின்னர்ச் சட்டமாகவும் எழுதப்பட்டது. 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 98-ஆவது விதி, கடலில் உயிராபத்தில் இருப்பவரைக் காணும் கப்பற்றலைவர், தம் கப்பலுக்கும் அதில் உள்ளோருக்கும் பேராபத்து நேராதவரை, உதவியே ஆகவேண்டும் என்கிறது. நம் நாடும் அவ்வுடன்படிக்கையை ஏற்றிருக்கிறது. தரையில் இத்தகைய கட்டாயம் இல்லை. எனினும் பாதுகாப்பு உண்டு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுபவரைத் துன்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கு இடம் தரப்பட்டது. உதவியவர் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தவும் இயலாது. போலீஸ் என்றதும் பின்வாங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

2024 டிசம்பர் 18-ஆம் நாள் மாலை, கேட்வேயிலிருந்து எலிபண்டா சென்ற 'நீல்கமல்' படகின்மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப்படகு ஒன்று மோதியது. படகு தலைகீழாய்க் கவிழ்ந்து, 15 பேர் மாண்டனர். அனுமதிக்கப்பட்ட அளவினும் மிகுதியாக, நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். பலரிடம் மிதவைச் சட்டை இல்லை. அருகில் சென்றுகொண்டிருந்த சிறு வழிகாட்டிப் படகு ஒன்றில் இருந்த சிலர், ஆணைக்குக் காத்திராமல் விரைந்து பலரைத் தூக்கி ஏற்றினார்கள். அதன் பின்னரே அத்துறையில் மிதவைச் சட்டை கட்டாயமாக்கப்பட்டது. நம் பிள்ளைகள் அது புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள், விடலாகாது.

இனி, உதவுவது எப்படி என்று பார்ப்போம். சிறு காரியத்தில் கேட்டுவிட்டுச் செய்க. பெருங் காரியத்தில் கேளாமலே செய்க. படியில் தயங்கும் தாயிடம், "தாயீ, குழந்தையை நான் வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று சைகையாற் கேட்டாலும் போதும். அவர் தலையசைத்தால் கை நீட்டலாம். மறுத்தால் விலகி நிற்கலாம், அதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டும் படகோட்டிக்கு, பழக்கமில்லாத நம் கை பெரும்பாலும் இடைஞ்சலே. அங்கே வழிவிட்டு நிற்பதுதான் உதவி.

எவரேனும் நீரில் விழுந்துவிட்டால் காரியம் வேறு. மூழ்குகிறவர் கதையில் வருவதுபோல் கூவி அழைப்பதில்லை. மூச்சுக்குப் போராடும் வாய்க்குக் கூவ வலுவிராது. தலை பின்சாய்ந்து, கைகள் நீரை அழுத்த, ஓசையின்றி ஒரு நிமிடத்திற்குள் அமிழ்ந்துவிடக்கூடும். அதனால் 'விளையாடுகிறார் போலும்' என்று ஐயுறுவோர் உடனே குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். பதில் வராவிடில் ஆபத்து என்றே கொள்க. நீச்சலில் தேர்ந்தவரல்லாதார் குதிக்கலாகாது. மூழ்குபவர் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பார். காப்பாற்றச் சென்றவர் உடன் மாண்ட செய்திகளை நாம் படிக்கிறோம் அன்றோ? படியில் குப்புறப் படுத்துக் கழியையோ குடையையோ புடைவையையோ நீட்டலாம். கயிறு, மிதவை வளையம், மூடிய வெற்றுத் தண்ணீர்க்கேன் எதையும் எறியலாம். தொலைபேசியில் 112 பொது அவசர எண். 1554 கடலோரக் காவற்படையின் எண்.

கூட்டத்தைப் பார்த்து "யாராவது உதவுங்கள்" என்று கத்துவதில் பயன் குறைவு. மேற்சொன்ன சோதனையின் பாடம் அதுவே. ஒருவரைச் சுட்டி, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதற்கு இலக்கணப் பிழையற்ற மராத்தி தேவையில்லை. "பாவூ, தோர் டாகா!" என்றால் மராத்தியர் கயிற்றை எறிவார், "பாயீ, ரஸ்ஸீ பேங்கோ!" என்றால் இந்தி அறிந்தவர் எறிவார். அடுத்த முறை எலிபண்டா செல்லும் குடும்பங்கள், புளியோதரைப் பொட்டலம் கட்டும்போதே இவ்விரு தொடரையும் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்துவிடலாம்.