சுட்டால் காசு போச்சு!

2010-ல் வந்த 'மெட்ரோ 2033' கேம், டிமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவலிலிருந்து உருவானது. அணு ஆயுதப் போருக்குப் பிறகு, மாஸ்கோவில் தப்பியவர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் வாழ்கிறார்கள். பொது அரசாங்கம் இல்லை, வங்கி இல்லை. அப்போ பணம் எது? துப்பாக்கித் தோட்டாதான்.

அதில் ரெண்டு வகை. சுரங்கத்திலேயே செய்த மட்டமான தோட்டா சுடுவதற்கு. போருக்கு முன்னால் செய்த ராணுவத் தோட்டா, காசு. அதையும் சுடலாம், அடி பலமா விழும். ஆனா சுடச்சுட உங்க சேமிப்பு கரையும்.

வெறும் கற்பனைன்னு தள்ளிட முடியாது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்த ஆர். ஏ. ராட்ஃபோர்ட், முகாமில் சிகரெட்டே பணமாகப் புழங்கியதை 1945-ல் கட்டுரையாக எழுதினார். கைதிகள் புகைக்கப் புகைக்கப் பணம் குறைந்தது, பொருட்களின் விலை இறங்கியது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சிகரெட் வந்து சேர்ந்ததும் விலை மறுபடி ஏறியது.

நம்ம ரூபாய் நோட்டுக்குப் பின்னால் ஒரு அரசின் வாக்குறுதி இருக்கு. வாக்குக் கொடுக்க ஆளில்லாத இடத்தில், எல்லோருக்கும் தேவைப்படும் பொருளே பணமாகிடுது. சிக்கல் என்னன்னா, அந்தத் தேவை உங்களுக்கும் வரும். எதிரே மிருகம் பாயும்போது, கையில் இருப்பது காசா, தோட்டாவா? நீங்கதான் முடிவு பண்ணணும்.