காணாக்கடி அடங்கிவிட்டதா? மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்!

இரவு மணி பத்து. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் தூக்கம் இல்லை. கை அரிக்கிறது. முதுகு அரிக்கிறது. சொறிந்த இடம் எல்லாம் தடித்துச் சிவக்கிறது. விளக்கைப் போட்டுப் பூச்சியைத் தேடுகிறாள். பூச்சி இல்லை. மறுநாள் பார்த்தால் தடிப்பையும் காணோம்!

கடித்தது எது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதற்குக் "காணாக்கடி" என்று பெயர்.

சில நாளில் போய்விட்டால் கவலை இல்லை. 6 வாரங்களுக்கு மேலும் வந்து வந்து போனால், அது நாள்பட்ட காணாக்கடி. ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மற்றவர்களுக்கு இது தொற்றாது.

கத்தரிக்காய் மீது பழி

"கத்தரிக்காய் தின்றாய், கருவாடு தின்றாய், அதுதான்!" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆனால் நாள்பட்ட காணாக்கடிக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம்.

தோலுக்குள் "மாஸ்ட்" என்ற அணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் "ஹிஸ்டமின்" என்ற பொருள் இருக்கிறது. அது வெளியே வந்தால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, பலருக்கு இந்த அணுக்களைக் கிளறிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

மாத்திரை செய்யும் வேலை

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துக்கு 1937-ல் பாரிஸ் நகரில் வழி கண்டவர் டேனியல் போவே. 1957-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய மாத்திரைகளைச் சாப்பிட்டால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். இன்றைய மாத்திரைகளில் அந்தத் தொல்லை குறைவு.

மாத்திரை அரிப்பை அடக்கும். வியாதியின் வேரை வெட்டாது. மாத்திரை சாப்பிடும்போது தடிப்பு வரவில்லையா? வியாதி போயிருக்கலாம். அல்லது மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். நீறு பூத்த நெருப்பை யார் கண்டார்?

இங்கேதான் இரண்டு தவறு நடக்கிறது. சிலர், "குணமாகிவிட்டது" என்று ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். அரிப்பு திரும்பி வருகிறது. சிலர், பயந்துகொண்டு தேவை தீர்ந்த பிறகும் வருடக் கணக்கில் விழுங்குகிறார்கள்.

படிப்படியாக இறங்குங்கள்

ஒரு மாத்திரையில் அடங்காவிட்டால், டாக்டர்கள் ஒரு நாளைக்கு நான்கு வரை கூட்டுவது உண்டு. ஏறிய படியில்தானே இறங்க வேண்டும்?

குறைந்தது 3 மாதம் தடிப்போ அரிப்போ அறவே இருக்கக் கூடாது. பிறகு டாக்டரைக் கேட்டுக் குறைக்கத் தொடங்கலாம். மாதத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் குறைக்கக் கூடாது. நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும். நடுவில் தடிப்பு திரும்பினால், எந்த அளவில் அடங்கியிருந்ததோ அந்த அளவுக்கே திரும்ப வேண்டும். அது தோல்வி அல்ல. காலம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்!

மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு "ஓமலிசுமாப்" என்ற ஊசி இருக்கிறது. வழக்கமாக 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். அதையும் டாக்டர்தான் பார்த்துக் குறைப்பார்.

ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரம் கேட்கும். ஆனால் அதையே மாதக் கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நாமாகக் கடையில் வாங்கிச் சாப்பிடவும் கூடாது. நெடுநாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பூஜ்யம் வாங்குங்கள்!

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தடிப்புக்கு 0 முதல் 3 வரை மார்க் போடுங்கள். அரிப்புக்கும் அப்படியே. 7 நாள் மார்க்கையும் கூட்டுங்கள். மிக மோசம் என்றால் 42 வரும். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் திட்டு விழும். இங்கே பூஜ்யம்தான் முதல் பரிசு! டாக்டரிடம் இந்த நோட்டைக் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றபடி மனம் தளர வேண்டாம். பலருக்கு இந்த வியாதி 2 முதல் 5 ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. சிலருக்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். சொல்லாமல் வந்தது, சொல்லாமலே போய்விடும். அது போய்விட்டதா என்று அவ்வப்போது மெல்லத் தட்டிப் பார்ப்பதுதான் மாத்திரையைக் குறைப்பது!