கூடிச் சந்தித்தால் கட்டுப்படும் சர்க்கரை

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். சர்க்கரை நோயாளி ஒருவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் மருத்துவரைக் காண்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் மருத்துவர் கால் மணி நேரம் ஒதுக்கினாலும், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரமே ஆகிறது. எஞ்சிய 8,759 மணி நேரமும் அந்த நோயைப் பார்த்துக்கொள்பவர் நோயாளியே. எதை உண்பது, எவ்வளவு நடப்பது, மாத்திரையை எப்போது போடுவது, காலில் ஏற்பட்ட சிறு கீறலைப் பொருட்படுத்துவதா என்பவற்றையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். அந்த முடிவுகளை எடுக்க அவருக்குக் கற்றுத்தருபவர் யார் என்பதே நம் கேள்வி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடெங்கும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. நகரங்களில் 16.4 விழுக்காடு, கிராமப்புறங்களில் 8.9 விழுக்காடு. கிராமத்தின் விழுக்காடு குறைவுதான். ஆனால் மக்கள்தொகையில் பெரும்பகுதி அங்கேயே வாழ்கிறது. சிறப்பு மருத்துவர்களோ நகரங்களிலேயே இருக்கிறார்கள்.

எல்லையோர ஊரின் நிலை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்று தமிழக எல்லையைக் கடந்தவுடன் வருகிற ஊர் தடா. 2022 ஏப்ரல் முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒருபுறம் பழவேற்காடு ஏரி, மறுபுறம் ஸ்ரீசிட்டி தொழில் நகரம், இடையே வயல்கள். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் மீன்பிடிப்போர், உழவர், தொழிற்சாலைப் பணியாளர் ஆகிய மூவகையினரும் அருகருகே வாழ்கின்றனர்.

மூவரின் நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. விடியுமுன் வெறும் வயிற்றோடு படகேறுபவர் காலை மாத்திரையை எப்போது போடுவது? இரவுப் பணியில் இருப்பவருக்கு ‘இரவு உணவுக்கு முன்’ என்பது எந்த நேரம்? நாற்று நடும் பெண்மணி வெறுங்காலோடு சேற்றில் நிற்காமல் இருக்க முடியுமா? ‘வேளைக்கு உண்ணுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்ற பொது அறிவுரை இவர்களின் கேள்விகளுக்கு விடையாவதில்லை. அதே வேலையைச் செய்து, அதே நோயோடு பத்தாண்டு வாழ்ந்த அண்டை வீட்டுக்காரரிடம் அந்த விடை இருக்கக்கூடும். அவரையும் மருத்துவரையும் ஒரே இடத்தில் அமர வைப்பதே குழு மருத்துவச் சந்திப்பு.

எப்படி நடக்கிறது?

எட்டு முதல் பன்னிரண்டு நோயாளிகள் குறித்த நாளில் ஓரிடத்தில் கூடுகின்றனர். முதலில் செவிலியர் ஒவ்வொருவரின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றைக் குறிக்கிறார், பாதங்களைப் பார்க்கிறார். பின்னர் மருத்துவர் ஒருவர்பின் ஒருவராக அனைவரிடமும் பேசுகிறார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். ஒருவருக்கு மாத்திரை ஏன் மாற்றப்பட்டது என்பதை அனைவரும் அறிந்துகொள்கின்றனர். அதன்பின் உணவு, இன்சுலின், கால் பராமரிப்பு என ஏதேனும் ஒரு பொருள் பற்றிக் கலந்துரையாடல் நடக்கிறது. தனியே பேச விரும்புபவருக்கு இறுதியில் நேரம் உண்டு. மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தனித்தனியே பார்த்தால் ஆளுக்குச் சில நிமிடமே ஒதுக்கக்கூடிய மருத்துவர், இம்முறையில் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறார்.

இது வெறும் கருத்தன்று. சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. இத்தாலியின் தூரின் நகரில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 112 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் தனித்தனியே மருத்துவரைக் கண்டனர். மறு பிரிவினர் குழுவாகக் கண்டனர். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ அளவு, ஐந்தாண்டு முடிவில் தனியே கண்டவர்களுக்கு 1.7 புள்ளி உயர்ந்திருந்தது. குழுவினருக்கு ஏறத்தாழ மாறவேயில்லை.

அந்த ஒன்றரைப் புள்ளியின் பொருளைப் பிரிட்டனில் நடந்த நெடுங்கால ஆய்வொன்று காட்டுகிறது. எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருப்பவர்களிடம் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டன. ஆகவே இது பார்வை நிலைப்பதற்கும் மங்குவதற்கும் இடையிலான வேறுபாடாகவும் அமையலாம்.

நமக்கு அருகே இரு முன்மாதிரிகள்

புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயாளிகள் சுமார் 1,000 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. பாதிப் பேர் ஐவர் ஐவராக மருத்துவரைச் சந்தித்தனர். கிளாக்கோமாவும் சர்க்கரையைப் போன்றதே: தொடக்கத்தில் வலியில்லை, வாழ்நாள் முழுதும் மருந்து தேவை. 2023-இல் வெளியான முடிவுகளின்படி, குழுவாக வந்தவர்கள் நோயைப் பற்றி அதிகம் அறிந்திருந்தனர். மனநிறைவும் கூடுதலாகப் பெற்றனர். மருந்தையும் ஒழுங்காகப் பயன்படுத்தினர். பிறர் முன் பேசத் தமிழர்கள் தயங்குவர் என்ற ஐயத்திற்கு இது நல்ல விடை.

மற்றொன்று, செங்கல்பட்டு மாவட்டத்துச் சூணாம்பேடு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழுவினர் 2006 முதல் அங்கு 42 கிராமங்களுக்கு மருத்துவ ஊர்தியைக் கொண்டு சென்றனர். இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே ஊர்தியிலிருந்த கருவிகள் சென்னை மருத்துவர்களோடு தொடர்பு கொண்டன. 23,000-க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். ஓராண்டில் நோயாளிகளின் சராசரி எச்பிஏ1சி 9.3-லிருந்து 8.5 ஆகக் குறைந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. இது குழுச் சந்திப்பு முறையன்று. எனினும் மருத்துவம் ஊருக்கே வந்தால், பெரும்பாலோர் நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பதை உறுதி செய்தது.

என்ன பேசலாம்?

கேழ்வரகுக் களி எவ்வளவு உண்டாலும் சர்க்கரை ஏறாது என்பது பரவலான நம்பிக்கை. கேழ்வரகிலும் மாவுச்சத்தே மிகுதி. அளவும் உடன் உண்ணும் காய்கறி, மீன், பருப்பும் முக்கியம். உண்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவுகளைப் பத்துப் பேர் ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வுண்மை தானே விளங்கும்.

இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றி அளவு 70-க்குக் கீழிருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருகிவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். படகில் செல்பவர் சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பது நலம். வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள் இன்சுலின் குப்பியை நீர் புகாத டப்பாவில் இட்டு, ஈரமான மண்பானைக்குள் வைத்துப் பாதுகாக்கலாம்.

திருமலைக்கு அலிபிரிப் படிகளில் வெறுங்காலோடு ஏறுவது இப்பகுதியினரின் வேண்டுதல். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூட்டுக் கொப்புளமும் தெரியாது, முள் தைத்ததும் தெரியாது. யாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுவதும், ஏறி முடித்ததும் வீட்டார் ஒருவர் உள்ளங்காலைப் பார்ப்பதும் விரலை இழக்காமல் காக்கும்.

குழு ஏற்கெனவே இருக்கிறது

1992-இல் நபார்டு வங்கி தொடங்கிய சுயஉதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டம் ஆந்திரத்தில் ஆழ வேரூன்றியது. ‘டுவாக்ரா சங்கம்’ என்று மக்கள் வழங்கும் மகளிர் குழுக்கள் அம்மாநிலத்தின் ஊர்தோறும் உள்ளன. குறித்த நாளில் கூடுதல், வராதவரை விசாரித்தல், கணக்கை அனைவர் முன்னும் படித்தல், ஒருவர் தவணை தவறினால் மற்றவர் கைகொடுத்தல் ஆகியவை அக்குழுக்களின் பழக்கம். சர்க்கரை நோய்க்கு வேண்டியனவும் இவையே. சேமிப்புப் புத்தகத்தைப் போலவே சர்க்கரைக் குறிப்பேடும் மாதந்தோறும் பதிவு கேட்கிறது.

2023 ஏப்ரலில் ஆந்திர அரசு தொடங்கிய குடும்ப மருத்துவர் திட்டம், மருத்துவர் மாதம் இருமுறை கிராமத்துக்கு வரும் வகையில் வகுக்கப்பட்டது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. மருத்துவர் வரும் நாளும் குழு கூடும் நாளும் ஒன்றானால், தடா போன்ற ஊரில் குழுச் சந்திப்புக்குப் புதிய கட்டடமோ புதிய அமைப்போ தேவைப்படாது.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் நோய் வரும் வாய்ப்புள்ள 1,007 பேரிடம், ஊர்மக்களே நடத்திய குழுக்கள் வழியாக ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாண்டில் புதிதாக நோய் வந்தவர்களின் எண்ணிக்கை உறுதியாகச் சொல்லுமளவு குறையவில்லை. உணவுப் பழக்கம் உள்ளிட்ட சிலவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. குழு எல்லாவற்றையும் மாற்றிவிடாது. மருந்தை மாற்றுவது மருத்துவரின் பணி. பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து. குழுவில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதை முதல் நாளே அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும், புண் ஆறாதவர்களுக்கும், மனச்சோர்வுற்றவர்களுக்கும் தனிக் கவனம் தேவை.

நம் வாடிக்கையாளர்களில் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்தோர் பலர். அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கை முடித்தபின் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ‘நம்மில் யார் யாருக்குச் சர்க்கரை? கடைசியாக எப்போது பரிசோதித்தோம்?’ கைகள் உயர்ந்தால், அப்பெயர்களை எழுதிக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். ‘நாங்கள் பத்துப் பேர் ஒரே நாளில் சேர்ந்து வரலாமா?’ என்று கேளுங்கள்.