பொழுது சாய்ந்தால் கொழும்பு கேட்கும்

மட்டக்களப்பில் பழைய வால்வு றேடியோ பாவித்த வீட்டுக்காரரைக் கேட்டால் ஒன்றைத் தவறாமல் சொல்வார்: பகலில் அந்தப் பெட்டிக்குள் இரைச்சல்தான், பொழுதுபட்ட பிறகுதான் பாட்டு. மத்தியானம் காதை ஒட்டிவைத்தாலும் பிடிபடாத நிலையம், இரவு ஏழு மணிக்குப் பக்கத்து வளவுக்கும் கேட்கும். இடையில் பெட்டியின் ஒரு திருகாணியைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இசையும் நாடகமும் மாலையில் ஒலிபரப்பானதற்குக் காரணம், சனங்கள் வயலிலும் கந்தோரிலும் வேலை முடித்து வீடு திரும்பும் நேரம் அது என்பார்கள். கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்தக் காரணம் போதும். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்தவர்களுக்கு மாலைக் கச்சேரியை ஏற்பாடு செய்து கொடுத்தது சூரியன். அதுவும், மறைந்ததன் மூலம்.

இலங்கையில் வானொலியைத் தொடக்கி வைத்தவர் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர். 1921இல் தந்தித் திணைக்களத்துக்குப் பிரதம பொறியியலாளராக வந்தவர். 1923இல், கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சின்ன அறையொன்றில் கிராமபோன் தட்டுக்களைச் சுழலவிட்டு முதல் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். ஒலிபரப்பும் கருவியைக் காசு கொடுத்து வாங்கவில்லை. முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாமான்களை வைத்துப் பூட்டி எடுத்தார்கள். கடலுக்கடியில் போர்க் கட்டளைகளுக்குக் காத்திருந்த சாமான், கொழும்பில் வந்து பாட்டுப் பாடத் தொடங்கியது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமானது. லண்டனில் பி.பி.சி. பிறந்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கொழும்பில் பாடினால் மட்டக்களப்பில் கேட்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். நடுவில் மலைநாடு. வானொலி நிலையத்தின் கோபுரத்திலிருந்து புறப்படும் மத்திய அலையில் ஒரு பகுதி தரையை ஒட்டியே ஓடும். இதை நில அலை என்பார்கள். உப்புத் தண்ணீரின் மேலும் ஈரமண்ணின் மேலும் இது சுகமாகப் போகும். கருங்கல் மலையில் ஏறி இறங்கும்போது பலத்தை இழந்துவிடும். கரையோரமாக இருக்கும் காலிக்குப் போகும் அலைக்கும், கண்டி மலைகளைத் தாண்டி வாவிக்கு வரும் அலைக்கும் இந்த வித்தியாசம் உண்டு. பகலில் மட்டக்களப்புக்கு வந்து சேர்வது இந்தக் களைத்துப்போன நில அலையின் மிச்சம் மட்டுமே.

கோபுரத்திலிருந்து புறப்படும் இன்னொரு பகுதி வானத்தை நோக்கிப் போகும். அங்கே சூரிய ஒளி பட்டு அணுக்கள் மின்னேற்றம் பெற்ற படலங்கள் உள்ளன. 60 முதல் 90 கிலோமீற்றர் வரையான உயரத்தில் இருப்பதை டி படலம் என்றும், அதற்கு மேலே 100 கிலோமீற்றர் அளவில் இருப்பதை ஈ படலம் என்றும் சொல்வார்கள். டி படலம் மத்திய அலைக்குப் பகை. மேலே போகும் அலையை வழியிலேயே விழுங்கிவிடும். ஆனால் அதற்கு ஆயுள் குறைவு: அந்த உயரத்தில் காற்று ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், வெயில் நின்றதும் பிரிந்த மின்துகள்கள் மளமளவென்று ஒன்றுசேர்ந்துவிடும். படலம் கரைந்துவிடும். அதன் பிறகு அலை தடையில்லாமல் ஈ படலம் வரை ஏறி, அங்கிருந்து வளைந்து தரைக்குத் திரும்பும்.

கொழும்புப் பாட்டு எங்கே திரும்புகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊருக்கும் நடுப்புள்ளி, கண்டிக்குச் சற்றுக் கிழக்கே தெல்தெனியப் பக்கம் விழுகிறது. அந்த மலைகளுக்கு மேலே 100 கிலோமீற்றர் உயரத்தில் திரும்புவதாக வைத்துக்கொண்டால், அலை நடக்கும் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். எடுக்கும் நேரம், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொழும்புக் கலையகத்தில் ஒருவர் நேரடியாகப் பாடுகிறார், அவருக்கு முன்னால் மூன்று மீற்றர் தள்ளி ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். காற்றில் ஒலி அவருடைய காதுக்குப் போய்ச் சேர இதைப்போல ஒன்பது மடங்கு நேரம் வேண்டும். பெட்டியின் அருகே இருக்கும் மட்டக்களப்பு ஆளுக்குத்தான் பாட்டு முதலில் கேட்கும்.

வானத்தில் அலையைத் திருப்பும் படலம் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று 1902இலேயே ஹெவிசைட், கெனலி என்ற இருவர் தனித்தனியே சொல்லிவிட்டார்கள். அதை நிரூபித்தவர் எட்வர்ட் அப்பிள்டன். 1924 டிசம்பர் 11ஆம் திகதி இரவு, நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு பி.பி.சி.யின் போர்ண்மத் நிலையத்தைக் கடன்வாங்கி, அதன் அலைநீளத்தை மெல்ல மாற்றச் சொல்லி, ஒக்ஸ்ஃபோர்டில் இருந்து கேட்டார். கூட இருந்தவர் மைல்ஸ் பார்னெட் என்ற மாணவர். சத்தம் ஏறி இறங்கிய விதத்திலிருந்து, மேலே இருந்து திரும்பும் அலையின் உயரத்தையே கணித்துவிட்டார்கள். அப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்பிள்டனை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்த விஷயம் நம்முடைய ஆட்களுக்கு நன்றாகப் பழகியது. நல்ல பாட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது சத்தம் மெல்லத் தேய்ந்து, அரை நிமிடம் காணாமல் போய், சரணம் முடியும் நேரத்தில் திரும்பி வரும். பெட்டியில் தட்டுவார்கள். கம்பியை ஆட்டிப் பார்ப்பார்கள். குற்றம் பெட்டியில் இல்லை. மலையேறி வந்த நில அலையும் வானத்திலிருந்து இறங்கிய அலையும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. இரண்டும் ஒத்த கட்டத்தில் வந்தால் சத்தம் கூடும், எதிரெதிராக வந்தால் கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக் கட்சியும் தென்சேரிக் கட்சியும் சமபலமாக இழுக்கிற மாதிரி ஒன்றும் நகராது. 300 மீற்றர் அலைநீளமுள்ள நிலையம் என்றால், ஈ படலம் நூறு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஏறியோ இறங்கியோ போனாலே போதும், உச்சத்தில் இருந்த சத்தம் அடியில் விழுந்துவிடும். 100 கிலோமீற்றர் உயரத்தில் நூறு மீற்றர் ஆட்டம் என்பது பெரிய காரியமா?

இனிப் பெட்டியைத் திறப்போம். சுவிட்சைத் திருகியதும் பாட்டு வராது. வால்வுகளின் இழை சூடேற அரை நிமிடமாவது வேண்டும். முதலில் கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், பிறகு ஒரு மெல்லிய உறுமல், சூடான தூசியும் மரப் பொலிஷும் கலந்த ஒரு வாடை. கண்ணாடியில் லண்டன், டில்லி என்று ஊர்ப் பெயர்கள் அச்சடித்திருக்கும். விலை கூடிய பெட்டிகளில் ஒரு பச்சைக் கண் இருக்கும். நிலையம் சரியாகப் பிடிபட்டதும் அதன் நிழல் சுருங்கும். பிள்ளைகள் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தது பாதி அந்தக் கண்ணைப் பார்க்கத்தான்.

உள்ளே நடக்கும் வேலை முதலாம் உலகப் போரின் கடைசியில், 1918இல், அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ரோங் கண்ட உபாயம். காற்றில் நூறு நிலையங்கள் நூறு அதிர்வெண்ணில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி எல்லா வால்வுகளையும் மாற்றி மாற்றிச் சுதி சேர்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் என்ன செய்தார் என்றால், பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டி அலையை உண்டாக்கி, வெளியிலிருந்து வருவதோடு கலந்துவிட்டார். நீங்கள் 900 கிலோஹேர்ட்ஸ் நிலையத்துக்குத் திருப்பினால் உள்ளே 1355 ஓடும், வித்தியாசம் 455. நிலையம் 1000 என்றால் உள்ளே 1455. வித்தியாசம் மறுபடியும் 455. எந்த ஊர்ப் பாட்டானாலும் 455 ஆகத்தான் அடுத்த வால்வுக்குப் போகும். அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் வால்வுகளைப் பழக்கிவிட்டால், பக்கத்து நிலையம் கலக்காமல் வேண்டியதை மட்டும் பெருக்கித் தரும். சத்தம் தேயும்போது தானாகவே பெருக்கத்தைக் கூட்டும் ஏற்பாடும் உண்டு. அதனால்தான் பாட்டு மறைகிற நேரம் பார்த்து இரைச்சல் பொங்கி வரும்: பெட்டி காதைத் தீட்டிக்கொண்டு தேடுகிறது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மின்சாரம் எட்டாத ஊர்களுக்குப் பற்றறிப் பெட்டிகள்தான். இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற், வால்வு வேலைசெய்ய 90 வோல்ற் என்று இரண்டும் சேர்ந்த கனத்த பற்றறி. விலையும் கனம். ஆகவே பெட்டி நாள் முழுக்கப் பாடாது. செய்தி, பாட்டு, நாடகம் என்று தெரிந்தெடுத்துத்தான் திருப்புவார்கள். வானமும் பற்றறியும் ஒரே நேரத்தைத்தான் சிபாரிசு செய்தன.

ஏரியல் கம்பியை இரண்டு தென்னைகளுக்கு நடுவே, பீங்கான் குமிழில் கட்டி, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் இழுப்பார்கள். இதில் மட்டக்களப்பாருக்குத் தென்னைக்குக் குறைவில்லை. அதைவிடப் பெரிய வசதி நிலத்தில் இருந்தது. ஏரியலில் வரும் மின்னோட்டத்துக்குத் தரைத் தொடுப்பு ஒன்று வேண்டும். காய்ந்த மண்ணில் இரும்புக் குழாயை ஆழமாக அடித்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர் வாவியின் கரையில், ஒரு முழம் தோண்டினாலே ஈரம், அதுவும் உப்பு ஈரம். இதைவிட நல்ல தரைத் தொடுப்பைக் கடையில் வாங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழக்கம் தொடங்கினால் மட்டும் அத்தனையும் எதிராகிவிடும். உயரக் கம்பி மின்னலை வரவேற்கும். ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரே நிலத்தோடு தொடுத்துவிட்டு, அன்றைய கச்சேரியை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த வாவிக்கு இரவில் காதுகொடுக்கும் பழக்கம் றேடியோவுக்கு முந்தியது. நிலாக் காலத்தில் தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து, அடியிலிருந்து வரும் ஓசையைக் கேட்பார்கள். 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனென்ற் இதைக் கேட்டு எழுதி வைத்தார். மீன் பாடுகிறது என்பது உலகறிந்த பெயர். ஊரி என்ற சங்குதான் ஒலிக்கிறது என்று அன்று வலைகாரர் அவரிடம் சொன்னார்கள்.

சரி, அந்த மாலைகளில் என்னதான் கேட்டது? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேற்றனின் படைகளுக்காக நிறுவிய றேடியோ சியக் நிலையம், 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆனது. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டிலும் வீட்டுக் குரலானது. 1952இல் இந்தியத் தகவல்துறை அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்ததும், தமிழ்நாட்டார் சினிமாப் பாட்டுக்கு இலங்கைக்குத் திருப்பினார்கள். அதே இரவுகளில் வாவிக்கரைச் சங்கீதப் பிரியர்கள், கிட்டத்தட்ட 470 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் திருச்சிக்குத் திருப்பிக் கர்நாடக இசை கேட்டார்கள். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்துக்கும் நமக்கும் இடையில் பெரும்பகுதி தட்டை நிலமும் கடலும்தான். பாக்குநீரிணைக்கு மேலே இரண்டு பக்கப் பாட்டும் எதிரும் புதிருமாகக் கடந்துபோயின.

விடிய விடியக் கூத்தும், அண்ணாவியாரின் மத்தளமும், அம்மன் சடங்கின் காவியப் பாட்டும் கேட்டு வளர்ந்த ஊர் இது. இரவில் கூடியிருந்து கேட்பதை றேடியோ சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெட்டி இருந்த வீட்டு விறாந்தையில் பாய் விரிப்பார்கள். இசையும் கதையும், நாடகம், நேயர் விருப்பம். தபாலட்டையில் எழுதிப்போட்ட பெயர் வாசிக்கப்படுமா என்று ஒரு கூட்டம் காத்திருக்கும். மரண அறிவித்தல் தொடங்கினால் மட்டும் பெரியவர்கள் கை காட்டுவார்கள், பேச்சு நின்றுவிடும். தந்தி வந்து சேராத ஊர்களுக்கு உறவினர் செத்த செய்தி வந்தது அந்த வழியால்தான்.

ரான்சிஸ்ரர் வந்ததும் விறாந்தை கலைந்தது. பெட்டி வயல் வாடிக்கும் தோணிக்கும் போனது, ஆளுக்கொன்று என்றாகிவிட்டது. பிறகு வந்த எஃப்.எம். வானத்தோடு சங்காத்தமே வைத்துக்கொள்ளாதது. 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் அலைகள் ஈ படலத்தையும் ஊடுருவிக்கொண்டு மேலே போய்விடும், திரும்பாது. மலை உச்சிகளில் மறு ஒலிபரப்புக் கோபுரம் நட்டால்தான் கேட்கும். பகலிலும் இரவிலும் ஒரே தெளிவு. ஆனால் கடல் கடந்த ஊர் ஒன்றும் வராது.

வீட்டில் மத்திய அலை உள்ள பெட்டி இருந்தால் இன்றைக்கும் பரீட்சித்துப் பார்க்கலாம். பின்னேரம் நாலு மணிக்கு முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் திருப்பி, பிடிபடும் நிலையங்களை எழுதி வையுங்கள். இரவு எட்டு மணிக்கு அதையே திரும்பச் செய்யுங்கள். இந்தியக் கரையின் நிலையங்கள் வரிசையாக வந்து நிற்கும். அதற்கு முன் வீட்டிலுள்ள எல்.ஈ.டி. குமிழ்களையும் தொலைபேசிச் சார்ஜரையும் நிறுத்திவிடுங்கள், மத்திய அலைக்கு இப்போது இடியைவிடப் பெரிய எதிரி அவைதான். தாத்தா காலத்து வால்வுப் பெட்டி என்றால் பின்மூடியைக் கழற்றுமுன் பிளக்கை உருவிவிடுங்கள். உருவிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் சிறிது நேரம் அடிக்கும்.